பெட்டியைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் ஈரோடு கருங்கல்பாளையத்தில் இஸ்திரிக் கடை வைத்திருப்பவள். உங்கள் பத்திரிகையோடு எனக்கு முப்பது வருடப் பழக்கம். ஆனால் சந்தா கட்டி வாங்குகிறவள் இல்லை. பழைய பேப்பர்க் கடையில் கிலோ கணக்கில் எடுத்துவந்து, தேய்த்த துணியை அதில் சுற்றிக் கொடுக்கிறேன். சுற்றுவதற்கு முன்னால் ஒரு கண் ஓட்டிவிடுவேன். அதனால் உலக நடப்பு எல்லாம் எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் வந்து சேரும். தேர்தல் முடிந்து மந்திரிகள் பதவி ஏற்ற பிறகும் என் கடையில் பிரசாரம் நடந்துகொண்டிருக்கும்.

அப்படித்தான் உங்கள் ஞாயிறு இணைப்பில் கொச்சியை இரண்டு நாளில் சுற்றிப் பார்ப்பது எப்படி என்று வந்த கட்டுரை கையில் கிடைத்தது. என் மகள் கொச்சி காக்கநாட்டில் இன்போபார்க்கில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. "ஒரு தடவை வந்துட்டுத்தான் போயேம்மா" என்று ஒவ்வொரு போனிலும் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்தை மட்டும் மடித்துப் பணப்பெட்டியில் வைத்துக்கொண்டேன். அன்றைக்கு ஒரு வக்கீலின் சட்டை விளையாட்டுச் செய்தியில் சுற்றிப் போனது.

ஐப்பசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி வண்டியில் கிளம்பினேன். வீட்டுக்காரர் வரவில்லை. சனிக்கிழமை கடையை மூடினால் திங்கட்கிழமை ஆபீஸ் போகிறவர்கள் என்ன செய்வார்கள் என்று அவருக்குக் கவலை. ராமேஸ்வரத்திலும் வேளாங்கண்ணியிலும் கடல் பார்த்திருக்கிறேன். அதெல்லாம் சாமி கும்பிடப் போனது. ஊர் பார்ப்பதற்காகவே ஒரு ஊருக்குப் போனது இந்த ஐம்பத்தாறு வயதில் இதுதான் முதல் தடவை. கையில் உங்கள் கட்டுரைதான் வழிகாட்டி. அதில் பாதி நன்றாக இருந்தது என்பதையும், ஒரு இடத்தில் தப்பு இருந்தது என்பதையும், இன்னொரு இடத்தில் ஒரு வரி எனக்குத் தைத்தது என்பதையும் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எர்ணாகுளத்தில் விடிகாலையில் இறங்கியதும் முதலில் உறைத்தது ஈரம். மழை இல்லை, ஆனால் காற்றிலேயே தண்ணீர் இருந்தது. எங்கள் ஊரில் பத்து மணிக்குக் காயப்போட்ட வேட்டி பன்னிரண்டு மணிக்கு மொடமொடவென்று தானாக நிற்கும். இங்கே ரயிலடி வாசலுக்கு வருவதற்குள் என் முந்தானை தொய்ந்துவிட்டது. அப்படிப்பட்ட ஊரில் அந்த நேரத்திலேயே கஞ்சி முறுக்குக் குறையாத வெள்ளை வேட்டியோடு மனிதர்கள் நடக்கிறார்கள். ஊரைப் பார்ப்பதற்கு முன்னால் வேட்டி மடிப்பைத்தான் பார்த்தேன். "அம்மா, ஆளுங்க மூஞ்சியையும் கொஞ்சம் பாரு" என்றாள் மகள்.

உங்கள் கட்டுரையில் வாட்டர் மெட்ரோவில் போங்கள் என்று எழுதியிருந்தது சரியான யோசனை. 2023 ஏப்ரலில் ஆரம்பித்ததாம். பேட்டரியில் ஓடுகிற படகுகள், கொச்சிக் கப்பல் கட்டும் தளத்திலேயே கட்டியவை. நான் போனபோது ஹைகோர்ட் துறையிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு நாற்பது ரூபாய் டிக்கெட். எனக்குப் படகு என்றால் காவிரியில் பரிசல்தான். பரிசலில் ஏறும்போது ஒரு கால் கரையிலும் ஒரு கால் பரிசலிலுமாக உயிர் ஊசலாடும். இங்கே ஏறும் மேடையே தண்ணீரில் மிதக்கிறது. கடல் ஏறினால் மேடையும் ஏறும், இறங்கினால் அதுவும் இறங்கும். படகின் தளமும் மேடையும் எப்போதும் ஒரே மட்டம். சக்கர நாற்காலியில் ஒரு பாட்டியை ஒருவர் தள்ளிக்கொண்டு சிரமமில்லாமல் உள்ளே போனார். அதைப் பார்த்தபோது, நல்லா யோசிச்சிருக்காங்க என்று தோன்றியது. செலவைப் பார்ப்பவர்களுக்கு அரசின் சாதாரணப் படகும் எர்ணாகுளம் துறையிலிருந்து உண்டு, அது மிகவும் மலிவு. அதையும் எழுதியிருக்கலாம்.

படகில் போகும்போது, துறைமுகம் இருக்கும் தீவைப் பற்றி மகள் சொன்னாள். வில்லிங்டன் தீவின் பெரும்பகுதி மனிதர்கள் உண்டாக்கியது. ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கில இன்ஜினியர் 1920-களில் கடல்வாயை அடைத்திருந்த மணல்திட்டை வெட்டி, காயலின் அடியில் தோண்டிய மண்ணைக் கொட்டி நிலம் ஆக்கினாராம். அதற்கும் முன்னால், 1341-இல் பெரியாற்றில் வந்த வெள்ளத்தில்தான் பழைய முசிறித் துறைமுகம் தூர்ந்து கொச்சியின் வாய் திறந்தது என்கிறார்கள். வெள்ளம் ஒரு ஊரை மூடி இன்னொரு ஊரைத் திறந்திருக்கிறது. இதெல்லாம் மகளுக்கு அவள் அலுவலகத்து நண்பர்கள் சொன்னது.

ஃபோர்ட் கொச்சிக் கரையில் சீனவலைகள். படத்தில் பார்க்கும்போது அழகு மட்டும்தான் தெரிகிறது. பக்கத்தில் போனால் அது நம்ம ஊர் ஏற்றம்தான். ஏற்றத்தில் ஒரு பக்கம் சால், மறுபக்கம் ஆள் ஏறி நடப்பார். இங்கே ஒரு பக்கம் நாலு மூங்கில் விரித்துப் பிடித்த பெரிய வலை, மறுபக்கம் கயிறு கயிறாகத் தொங்கும் கருங்கற்கள். அந்தக் கல் பாரம்தான் வலையைத் தூக்க உதவுகிறது. நாலைந்து பேர் சேர்ந்து கயிற்றை இழுக்கிறார்கள். வலை தண்ணீரில் சில நிமிடம்தான் கிடக்கும், உடனே தூக்கிவிடுகிறார்கள். சீனர்கள் கொண்டுவந்தது என்கிறார்கள். இல்லை, போர்ச்சுகீசியர் சீனக் கடற்கரையிலுள்ள மக்காவ் என்ற ஊரிலிருந்து கொண்டுவந்தது என்று சொல்பவர்களும் உண்டாம். வலைக்காரர்கள் எங்களையும் இழுக்கக் கூப்பிட்டார்கள். அப்புறம் கொஞ்சம் காசு எதிர்பார்ப்பார்கள். அதில் தப்பில்லை, பத்து பேர் இழுக்கும் வேடிக்கைக்கு நடுவில் அவர்கள் பிழைப்பும் நடக்க வேண்டுமே. நானும் இழுத்தேன். முப்பது வருடம் பெட்டி பிடித்த கை, ஒன்றும் சோடை போகவில்லை. வலை மேலே வந்தபோது உள்ளே நாலு மீனும் ஒரு குவியல் ஆகாயத்தாமரையும் இருந்தன. வலையிலிருந்து வழிந்த பாசித் தண்ணீர் அப்படியே என் மேல் கொட்டியது.

சந்தன நிற நெகமம் கைத்தறிச் சேலை. மார்பிலிருந்து கொசுவம் வரைக்கும் பச்சைக் கறையும் மீன் கவுச்சியும். மகள் சிரித்துச் சிரித்து மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். தங்கும் வீடு பக்கத்துத் தெருவில்தான் இருந்தது. போய் வேறு சேலை மாற்றிக்கொண்டேன். நனைந்ததை ஒரு பாலிதீன் பையில் போட்டேன். பாசிக்கறையை ஊறவிட்டால் போகாது. குளியலறையில் அலசிப் போடலாமென்றால் அந்தக் காற்றில் காய இரண்டு நாள் ஆகும், நாற்றம் பிடித்துவிடும். பையைக் கையிலேயே எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இந்தப் பைதான் அன்றைய நாளை மாற்றியது.

புனித பிரான்சிஸ் தேவாலயம் வலைகளுக்குப் பக்கத்தில். வாஸ்கோடகாமா 1524 டிசம்பரில் கொச்சியில் இறந்ததும் இங்கேதான் புதைத்தார்கள், பதினான்கு பதினைந்து வருடம் கழித்து எலும்பை எடுத்து லிஸ்பனுக்குக் கொண்டுபோனார்கள் என்று கட்டுரையில் இருந்தது. கல் மட்டும் இருக்கிறது, சுற்றிலும் வேலி. நான் அண்ணாந்து பங்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கூரையிலிருந்து நீளமாகத் தொங்கும் துணி விசிறிகள். அந்தக் காலத்தில் வெளியே ஆள் உட்கார்ந்து கயிறு இழுப்பாராம், உள்ளே துரைமார்களுக்குக் காற்று வருமாம். அந்தத் துணியை யார் கழற்றி, யார் வெளுத்து, யார் திரும்ப மாட்டினார்கள் என்று எனக்கு யோசனை. மகள் வேறொன்று சொன்னாள். ஜன்னல், சாவி, மேஜை, அலமாரி எல்லாம் போர்ச்சுகீசியச் சொற்களாம். துவாலையும் அப்படித்தானாம். இஸ்திரி என்பதும் அங்கிருந்து வந்தது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்களாம். மலையாளத்தில் இஸ்திரிப் பெட்டிக்குத் 'தேப்புப் பெட்டி' என்று ஒரு பெயர் உண்டு. அங்கத்துப் பசங்க பேச்சில், காதலித்துவிட்டுக் கைவிட்டால் அதற்கும் 'தேப்பு' என்றுதான் பெயராம். ஈரோட்டில் என் கடைக்கு அப்படிப் போர்டு வைத்தால் எப்படி இருக்கும் என்று இருவரும் சிரித்தோம்.

மதியச் சாப்பாட்டில் இரண்டு விஷயம். உட்கார்ந்ததும் தம்ளரில் ரோஜா நிறத்தில் சுடுதண்ணீர் வைத்தார்கள். சாயம் போகிற துணியை அலசிய தண்ணீர் மாதிரியே இருந்தது, கை போகவில்லை. பதிமுகம் என்ற மரத்தின் செதிளைப் போட்டுக் காய்ச்சியதாம். துணிக்குச் சிவப்புச் சாயம் எடுக்கிற மரமும் அதுதான், ஆக என் சந்தேகத்தில் பாதி உண்மை. இன்னொன்று குச்சிக்கிழங்கு. கேரளத்தில் கப்பை என்கிறார்கள். எங்கள் சேலம் ஈரோடு பக்கத்தில் லாரி லாரியாக ஸ்டார்ச் ஆலைக்கும் சவ்வரிசி ஆலைக்கும் போகும் சரக்கு. என் கணக்கில் அது சட்டைக் காலருக்கான கஞ்சி. அங்கே அதை வேகவைத்து, சிவக்கச் சிவக்க மத்தி மீன் குழம்பு ஊற்றிக் கொடுத்தார்கள். இத்தனை வருடமும் காலருக்குப் போட்டு வீணாக்கிவிட்டேனோ என்று இருந்தது.

சரி, தப்பு என்று சொன்னேனே, அது இங்கேதான். உங்கள் கட்டுரை சனிக்கிழமை மதியம் மட்டாஞ்சேரி யூதர் ஜெபக்கூடத்துக்குப் போகச் சொல்லியிருந்தது. ஆட்டோக்காரரிடம் சொன்னதும் வண்டியைக் கிளப்பாமலே திரும்பிப் பார்த்தார். "இன்னு சனியாழ்ச்சயல்லே? அடச்சிட்டிருக்கும்" என்றார். சனிக்கிழமை யூதர்களுக்கு ஓய்வுநாள். வெள்ளியும் சனியும் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. யூதர்களின் ஆலயத்துக்குச் சனிக்கிழமை போகச் சொல்வது, முடி திருத்தும் கடைக்குச் செவ்வாய்க்கிழமை போகச் சொல்வது மாதிரி. எழுதியவர் அங்கே போய்த்தான் எழுதினாரா என்று எனக்குச் சந்தேகம் வந்தது அந்த நிமிடத்தில்தான். மட்டாஞ்சேரி அரண்மனை வெள்ளிக்கிழமை விடுமுறை. இரண்டையும் திருத்தமாகப் போட்டுவிடுங்கள், யாராவது அலையாமல் இருப்பார்கள்.

ஆட்டோக்காரர் வேறு எங்கே போகணும் என்று கேட்டார். நான் பையைக் காட்டி, துணி வெளுக்கிற இடம் உண்டா என்று கேட்டேன். "தமிழா? எங்கில் ஸ்தலம் அதுதன்னே", அப்படியென்றால் இடம் அதுதான், என்று சொல்லி வண்டியை வேலி என்ற பகுதிக்கு விட்டார். வேலி என்பது அந்த இடத்தின் பெயர். அங்கே இருப்பது தோபிகானா.

இனி அந்த வரி. உங்கள் கட்டுரையில் கடைசிப் பெட்டிச் செய்தியில் ஒரே வரி இருந்தது: வரிசை வரிசையாகக் காயும் வண்ணத் துணிகள், போட்டோ எடுப்பவர்களுக்குச் சொர்க்கம். அவ்வளவுதான். துணி தானாகவே துவைந்து, தானாகவே கொடியில் ஏறிக் காய்வது போல.

உள்ளே போனதும் எனக்குக் கேட்டது தமிழ். மலையாளம் கலந்த, இழுத்துப் பேசுகிற தமிழ், ஆனால் தமிழ். அங்கே வேலை செய்கிறவர்கள் வண்ணார் குடும்பங்கள். டச்சுக்காரர்கள் கொச்சியை ஆண்ட காலத்தில் சிப்பாய்களின் உடுப்பு வெளுப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து கூட்டிவரப்பட்டவர்களின் வம்சம் என்று சொல்கிறார்கள். ஆரம்பத்தில் குளக்கரைகளில் வெளுத்திருக்கிறார்கள். இப்போது இருக்கும் கட்டடம் 1970-களில் வந்தது. குடும்பத்துக்கு ஒரு அடைப்பு, அதற்குள் ஒரு தொட்டி, ஒரு துவைகல். சில அடைப்புகள் காய்ந்து கிடந்தன. வெளியே புல்வெளி முழுக்கக் கொடி. அதற்கு அப்பால் தேய்க்கும் கூடம், நீள நீளமான மேஜைகள்.

கொடியைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். ஒரு கிளிப் கிடையாது. இரண்டு கயிறுகளைச் சேர்த்து முறுக்கிக் கட்டியிருக்கிறார்கள், அந்த முறுக்கின் இடுக்கில் துணியின் முனையைச் செருகினால் போதும். கடற்காற்று எப்படி அடித்தாலும் பறக்காது. என் மாமியார் காவிரிக்கரையில் இப்படித்தான் கட்டுவார். நான் கல்யாணமாகி வந்த புதிதில் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் வேலை அதுதான். அப்புறம் பிளாஸ்டிக் கிளிப் வந்தது, மாமியாரும் போய்ச் சேர்ந்தார், கயிறு முறுக்குவது எனக்கே மறந்துபோயிருந்தது.

தேய்க்கும் கூடத்தில் ஒரு பெரியவர் வெள்ளைச் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தார். எழுபதுக்கு மேல் இருக்கும். கரிப்பெட்டி. சிரட்டைக் கரியின் வாசனை. எதிரே இரண்டு பையன்கள், கழுத்தில் பெரிய கேமரா, பேச்சு நம்ம பக்கத்துத் தமிழ். அதில் ஒருவன், "தாத்தா, அப்படியே பெட்டியைத் தூக்கிப் பிடிங்க, புகை தெரியணும்" என்றான். பெரியவர் தூக்கிப் பிடித்தார். அவன் கண்ணைக் கேமராவில் வைத்துக்கொண்டு என்னத்தையோ திருகினான். இன்னும் கொஞ்சம் மேலே என்றான். அவர் இன்னும் மேலே தூக்கினார்.

ஆசிரியர் அவர்களே, கரிப்பெட்டியின் எடை உங்களுக்குத் தெரியுமா? என் பெட்டி காலியாகவே ஏழு கிலோ. தேய்க்கும்போது அந்த எடை துணி மேல் உட்கார்ந்து வேலை செய்கிறது, கை அதை நகர்த்த மட்டும்தான் செய்யும். தூக்கிப் பிடித்தால் முழுப் பாரமும் மணிக்கட்டில். எனக்கு ராத்திரியானால் இரண்டு மணிக்கட்டும் வீங்கிக்கொள்ளும். அதுவுமில்லாமல் பெட்டியைச் சாய்த்தால் பக்கவாட்டு ஓட்டை வழியாகச் சாம்பல் கொட்டும். கீழே விரித்திருப்பது யாருடைய சட்டையோ. ஒரு பொறி விழுந்தால் அன்றைய கூலி போச்சு. அதோடு வாடிக்கையும் போச்சு.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஊர் பார்க்க வந்தவள்தானே. "தம்பி, அந்தப் பெட்டியை நீ ஒரு தடவை தூக்கிப் பிடி, நான் போட்டோ எடுக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். குரலும் கொஞ்சம் கூடிப்போனது. பையனுக்கு முகம் சிவந்துவிட்டது, சாரி ஆன்ட்டி என்று சொல்லிக் கேமராவை இறக்கினான். கெட்ட பையன் இல்லை. தெரியாது, அவ்வளவுதான். யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. பெரியவர்தான் என்னைச் சமாதானம் செய்தார். "விடு தாயி. தினமும் வர்றாங்க. எடுத்துட்டுப் போகட்டும்." பெட்டியைத் தாங்கியில் வைத்துவிட்டுக் கையை உதறிக்கொண்டார். அந்த உதறலை எனக்குத் தெரியும்.

நானும் இதே தொழில்தான் என்று சொன்னதும் பேச்சு மாறிவிட்டது. என் கையை வாங்கிப் பார்த்தார். வலது பெருவிரல் கீழே காய்த்திருப்பதைத் தடவிப் பார்த்துத் தன்னுடையதைக் காட்டினார். எந்த ஊர் என்று கேட்டார். நீங்கள் எந்த ஊர் என்று நான் கேட்டேன். "தாத்தனுக்குத் தாத்தன் வந்தது. ஊர்ப் பேர் யாருக்கும் ஞாபகம் இல்லை" என்றார், வருத்தமில்லாமல். வெள்ளாவி வைப்பதுண்டா என்று கேட்டேன். அது போய் வெகுகாலம் ஆயிற்று, இப்போது சோடாவும் பிளீச்சும். சேங்கொட்டை? அதைக் கேட்டதும் சிரித்தார். இந்தக் காலத்து வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: சேங்கொட்டையில் ஊசி குத்தி அந்தப் பாலைத் துணியின் மூலையில் வைத்துச் சுண்ணாம்பு தொட்டால் கறுப்பாகப் பிடித்துக்கொள்ளும், துணி கிழிகிறவரைக்கும் போகாது. வீட்டுக்கு ஒரு குறி. எழுதப் படிக்கத் தெரியாத என் மாமியார் இருநூறு வீட்டுக் குறியை மனதில் வைத்திருந்தார். பெரியவரின் அம்மாவும் அப்படியாம். இப்போது ஹோட்டல் விரிப்புகளில் பெயரே அச்சடித்து வருகிறது, வீட்டுத் துணிக்கு மார்க்கர் பேனா.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஐப்பசி மழை அங்கே மதியத்துக்கு மேல் இடியோடு வரும், துலாவர்ஷம் என்கிறார்கள். முதல் துளி விழுந்ததும் கூடத்தில் இருந்த எல்லோரும் வெளியே ஓடினார்கள். நானும் ஓடினேன். யோசிக்கவில்லை, கால் ஓடிவிட்டது. முறுக்குக் கயிற்றின் அருமை அப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொரு கிளிப்பாகக் கழற்ற வேண்டியதில்லை, கொடி ஓரமாக நடந்துகொண்டே துணியைச் சுண்டி இழுத்தால் சரசரவென்று கையில் விழுகிறது. மகள் கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவள், அவளும் தோள் நிறைய ஹோட்டல் விரிப்புகளோடு ஓடினாள். கேமராப் பையன்களும் வந்தார்கள். ஒருவன் தலையணை உறைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிவந்ததை யாரும் போட்டோ எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம்.

கூரைக்குக் கீழே நின்று, பால் விடாத கட்டன்சாயா குடித்தோம். என் பையைப் பெரியவரின் வீட்டுக்காரம்மா வாங்கிப் பிரித்துப் பார்த்தார். "பாசி. சீனவலைதானே?" என்றார். நான் துவைத்துக்கொள்கிறேன், ஒரு கல் கொடுத்தால் போதும் என்றேன். "உங்க ஊர்ல நான் வந்தா நீ என்னைத் துவைக்க விடுவியா?" என்று கேட்டுவிட்டுத் தொட்டிக்குக் கொண்டுபோய்விட்டார். நாளைக்கு வா என்றார்.

ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் கட்டுரை தோபிகானா என்று எழுதியதோடு நிறுத்திக்கொண்டது. வண்ணார் என்று அச்சில் போடக் கூச்சமாக இருந்திருக்கலாம். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லைச் சொல்லித் திட்டுவார்கள், அதனால் நானே கடைப் போர்டில் சலவை நிலையம் என்றுதான் எழுதியிருக்கிறேன். என் மாமியார் சாயங்காலம் வீடு வீடாகச் சோறு வாங்கப் போன காலம் எனக்குத் தெரியும், வாசலுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். கொச்சியில் அவர்கள் தங்கள் சங்கத்தின் பெயரிலேயே அந்தச் சொல்லை வைத்திருக்கிறார்கள். அங்கே எல்லாம் நன்றாக இருக்கிறது என்று ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு நான் சொல்ல மாட்டேன். இருந்தாலும் அவர்கள் வெட்கப்படாத பெயரை நாம் ஏன் விழுங்க வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டாஞ்சேரி அரண்மனை. டச்சு அரண்மனை என்பார்கள், கட்டிக் கொடுத்தது போர்ச்சுகீசியர், 1555 வாக்கில். டச்சுக்காரர்கள் பின்னால் பழுது பார்த்ததற்குப் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். சுவரெல்லாம் ராமாயணம். எனக்குக் கால்வலி, சீக்கிரம் வெளியே வந்துவிட்டேன். பிறகு ஜெபக்கூடம், இந்தத் தடவை திறந்திருந்தது. 1568-இல் கட்டியது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். தரை முழுக்க சீனத்திலிருந்து வந்த ஓடுகள், வெள்ளையில் கையால் வரைந்த நீலம், ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை என்கிறார்கள். சொட்டு நீலம் அளவாகப் போட்ட வெள்ளைத் துணி மாதிரி இருந்தது, அதில் வெறுங்காலோடு நடக்க மனசு வரவில்லை. அந்தத் தெருவில் இருந்த யூதர்கள் 1948-க்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். இப்போது கடைகள் இருக்கின்றன, தெருவுக்குப் பெயர் இருக்கிறது. மிளகு வாசனை வீசும் கிடங்குகளைத் தாண்டி ஆட்டோ பிடித்து மறுபடியும் வேலிக்குப் போனோம்.

உங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அடுத்த தடவை கொச்சியைப் பற்றி எழுதும்போது தோபிகானாவுக்கு இன்னும் நாலு வரி கொடுங்கள். அவர்கள் பேசுவது உங்கள் வாசகர்களின் மொழி என்று ஒரு வரி. தேய்க்கிறவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள், பெட்டியைத் தூக்கச் சொல்லாதீர்கள் என்று ஒரு வரி. அந்த ஊர் வெக்கையில் ஒரு நாள் சுற்றினாலே இரண்டு செட் துணி வியர்வையில் நனையும், அதைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய்க் கொடுங்கள் என்று ஒரு வரி. கூலி நான் ஈரோட்டில் வாங்குவதைவிடப் பெரிதாக இல்லை. நாலாவது வரியில் வேண்டுமானால் வண்ணத் துணிகள் அழகாக இருக்கும் என்று போட்டுக்கொள்ளுங்கள். அழகாகத்தான் இருந்தன.

சேலை தயாராக இருந்தது. பாசிக்கறை போன இடம் எனக்கே தெரியவில்லை. அரிசிக்கஞ்சி, அளவான முறுக்கு. மடிப்பு மட்டும் நம்முடையதைவிட ஒரு பங்கு அகலம். கூலியை வாங்க மறுத்தார்கள். தொழில்காரி தொழில்காரிக்குச் சும்மா செய்யக் கூடாது என்று சொல்லிப் பெரியவரின் சட்டைப் பையில் வைத்துவிட்டு வந்தேன். இந்த முப்பது வருடத்தில் என் துணியை இன்னொருவர் தேய்த்து, பேப்பரில் சுற்றி, நூல் கட்டி என் கையில் கொடுத்தது அதுதான் முதல் தடவை. ரயிலில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

சுற்றியிருந்தது மலையாளப் பேப்பர். பழக்கதோஷம், படிக்கப் பார்த்தேன், ஓரெழுத்தும் புரியவில்லை. வழியனுப்ப வந்த மகளிடம், இதில் என்ன போட்டிருக்கிறது என்று ஜன்னல் வழியாக நீட்டிக் கேட்டேன். அவள் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "போன மாசத்துத் தங்கம் விலைம்மா" என்றாள்.

இப்படிக்கு,
இஸ்திரிக் கடை வாசகி,
கருங்கல்பாளையம், ஈரோடு.